ஒரே அச்சில் வார்த்த சிரிப்பு

மாட்டேன் என்கிற பேரைச் சின்னவள் முதன்முதலில் கேட்டது அடுப்படியில் வைத்து. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்றுகூடப் பிடிபடாத நேரம். கூடத்திலிருந்து புருஷனின் அக்கா குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, மேல போய் மாட்டேனைச் சாப்பிட வரச் சொல்லு. எல்லாம் ஆறுது."

சின்னவள் கரண்டியோடு நின்று விழித்தாள். "யாரை அண்ணி?"

"மாட்டேனைத்தான். உன் மூத்த ஓரகத்தியை. அந்தப் பேருக்கு இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு இல்லாமல் இல்லை. அது கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று. அவள் வாழ வந்த வாரமே, "இனிமே தையல் கூடத்துக்கெல்லாம் போக வேண்டாம், வீட்டோட இரு" என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். அப்போது மாமியார் உயிரோடு இருந்தாள். இவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். அதற்கப்புறம் வருஷத்துக்கு நாலு தடவையாவது அந்த வார்த்தை வீட்டுக் கூடத்தில் விழுந்தது. கேலியாக அதையே பேராக வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "மாட்டேன்!" என்று கூப்பிட்டதும் "இதோ வரேன்" என்று வந்து நின்றாளாம். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சின்னவள் மாடிக்குப் போய்க் கூப்பிட்டாள். காலர் துணியை மடியில் போட்டு, வாயில் நூலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான் புதுசா? வா. இந்த வீட்டுல நல்லா மென்னு தின்னுற ஆளு இன்னொண்ணு வந்திருக்கு. சந்தோஷம்."

அதன் அர்த்தம் சின்னவளுக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது புரிந்தது.

அந்த வீட்டில் தட்டு வைத்தால் பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்க வேண்டும். குடிக்க இல்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, வாயில் விரலை விட்டு, பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். செட்டோடு மென்றால் ஈறு குத்தும். அதனால் செட்டு சிரிக்க, வெறும் ஈறு தின்ன என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சமையலும் அதற்குத் தக்கபடிதான். எல்லாம் குழைய வேக வேண்டும். அந்த வீட்டு அடுப்பில் வேகாதது உப்பு மட்டும்தான் என்று மாட்டேன் சொல்வாள்.

இன்னொன்றையும் சின்னவள் கவனித்தாள். எல்லார் செட்டும் ஒரே மாதிரி இருந்தது. ஒரே அளவு, ஒரே வெள்ளை. நீள முகத்துக்கும் அதே பல்தான், உருண்டை முகத்துக்கும் அதே பல்தான். கூடத்துச் சுவரில் ஒரு கல்யாணப் படம் தொங்கியது. அதில் அத்தை, மாமன், ஒன்றுவிட்ட அண்ணன், அவன் மாமனார் என்று வரிசையாக நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே சிரிப்பைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்த மாதிரி இருக்கும்.

அதைச் செய்து கொடுத்தவர் மாமா. செத்துப்போன மாமியாரின் கூடப்பிறந்த தம்பி. வீட்டுக்கு வந்த மருமகள்களும் புருஷன்மார் கூப்பிடுவதைப் பார்த்து அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள். வாலிபத்தில் ஒரு பல் டாக்டரிடம் மாவு குழைத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவர். டாக்டர் கடையை மூடிக்கொண்டு போனதும் இவர் ஒரு தோல் பையோடு வெளியே வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் வாய்தான் அவருக்குத் தொழிற்சாலை. செட்டுப் பல்லை எப்போதும் ஒரே கடையில், ஒரே அளவு நம்பரில் வாங்குவார். காசு அதிகம் கேட்கமாட்டார், கொடுப்பதை வாங்கிக்கொள்வார். அக்கா போனபிறகு அக்கா பிள்ளைகளுக்கு அவர்தான் அம்மா மாதிரி. அவர் சாப்பிட வருகிற நாளில் மட்டும் யாரும் செட்டைக் கழற்றமாட்டார்கள். மெல்லவும் மாட்டார்கள். கொக்கு மீனை விழுங்குகிற மாதிரி அண்ணாந்து விழுங்குவார்கள். "எப்படி இருக்கு செட்டு?" என்று அவர் கேட்பார். "பிறந்த பல்லு மாதிரியே இருக்கு மாமா" என்பார்கள், கண்ணில் தண்ணீரோடு.

வீட்டுச் சட்டம் இதுதான்: நாற்பது வந்தால் பல் நிற்காது. அது வம்சம். ஒன்றொன்றாக ஆடி அவஸ்தைப்படுவதைவிட மாமாவைக் கூப்பிட்டு மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட்டு மாட்டிக்கொள்வதே நல்லது. புருஷனின் அக்கா அப்படித்தான் செய்தாள். தன் புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, இப்போது வீட்டு நிர்வாகமே அவள் கையில். அவளைப் பெரியக்கா என்று தெருவே கூப்பிடும். மாட்டேனின் புருஷனும் அப்படித்தான் செய்துகொண்டான்.

மாட்டேனுக்கும் நாற்பது வந்தது.

காலையில் பின்வாசல் குழாயடியில் அவள் துப்புவது சிவப்பாகப் போவதைச் சின்னவள் பார்த்தாள்.

"என்னக்கா, ரத்தம் வருது?"

"அது வருஷக்கணக்கா வருது. முதல்ல பிரஷ் வச்சாத்தான் வரும். இப்ப சும்மா துப்பினாலே வருது."

"பிரஷ் பண்றதில்லையா?"

"உங்க அண்ணிதான் சொன்னாங்க. ரத்தம் வந்தா பிரஷை விட்டுடு, புண்ணைப் போய் யாராவது சொறிவாங்களான்னு. நியாயமாத்தானே பட்டுச்சு? விரல்ல பொடி தொட்டுத் தேய்க்கிறதோட சரி."

பாருங்கள், வாழ்ந்த இத்தனை காலத்தில் அந்த வீட்டில் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்று சொன்னது அந்த ஒன்றுக்குத்தான். அதுதான் காலை வாரியது. கீழ்வரிசையில் முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே அசைந்தது. பல்லின் அடியில் மஞ்சளும் கறுப்புமாகக் கல் கட்டிப்போய் ஈறு வீங்கியிருந்தது. பேசினால் வாடை. புருஷன் நல்லவன், வாயால் சொல்லவில்லை. தலையணையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் பெரியக்கா அறிவித்தாள். "ஞாயித்துக்கிழமை மாமா வராரு. மாட்டேனுக்கும், என் கொழுந்தன் மகனுக்கும் சேர்த்து ஒரே நாள்ல முடிச்சுடலாம்."

"எதை முடிக்கிறது?" என்றாள் மாட்டேன். கையில் தையல் கூடத்து வாசலில் வாங்கி வந்த வறுத்த கடலைப் பொட்டலம். அந்த வீட்டில் கடக் முடக்கென்று சத்தம் வருகிற ஒரே வாய் அவளுடையது. அது கொஞ்ச நாளாக ஒரே பக்கமாகத்தான் மென்றது, ஆனாலும் விடவில்லை.

"பல்லைத்தான். ஆடுதுல்ல? ரத்தம் வருதுல்ல? நேரம் வந்தாச்சு."

"ஆடுறது ஒரு பல்லு அண்ணி. மிச்சமெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

புருஷன் சமாதானத்துக்கு வந்தான். அவன் இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம். "ஒரு நாள் வலிதான். அப்புறம் ஆயுசுக்கும் நிம்மதி, நான் சொல்றேன் கேளு."

"உங்க நிம்மதியத்தான் தினம் டம்ளர்ல பார்க்குறேனே."

சின்னவளுக்குப் புரையேறியது. பெரியக்கா முறைத்தாள். "வாய்க்கொழுப்பு இருக்குற வாயில பல்லு நிக்காது. வம்சத்துல யாருக்கும் நிக்கல, உனக்கு மட்டும் நிக்குமா? மாமா கையை வேண்டாம்னு சொல்றதும் செத்துப்போன எங்க அம்மாவை வேண்டாம்னு சொல்றதும் ஒண்ணுதான். என்ன சொல்றே?"

என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, சின்னவளையும் இழுத்துக்கொண்டு பல்லு காலேஜுக்கு பஸ் ஏறினாள். சின்னவள் அப்போது முழுகாமல் இருந்தாள், நடு மாசம். அவளுக்கும் ஈறு பொதுபொதுவென்று வீங்கி, பழம் கடித்தால் பழத்தில் ரத்தக்கறை. "பிள்ளைக்கு ஒரு பல்லு கொடுத்துத்தான் ஆகணும், அதுக்குப் பயந்தா எப்படி" என்று பெரியக்கா அவளையும் வரிசையில் சேர்த்து வைத்திருந்தாள்.

பல்லு காலேஜ் என்றால் படிக்கிற பிள்ளைகள் வைத்தியம் பார்க்கிற இடம். நீளமான கூடம். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. எங்கே பார்த்தாலும் திறந்த வாய். வாசலில் சீட்டு வாங்கினால் போதும், பஸ் டிக்கெட் மாதிரி. யார் எந்தக் காரில் வந்தாலும் அதே சீட்டு. குடும்பத்துக்கு ஒரே நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் முறை வந்தபோது ஒரு பெண் ஓடிவந்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அதிலும் பயம்.

"அம்மா, உங்களுக்கு ஈறு பிரச்சனையா? நெஜமாவா? ரொம்ப நாளாவா?"

"ஏன் கண்ணு, அதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுறே?"

"எனக்குப் பரீட்சைக்கு இந்த மாதிரி ஒரு கேஸ் வேணும். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நானே பார்த்து முடிக்கணும். ரெண்டு பேரு பாதியில நின்னுட்டாங்க. நீங்க நடுவுல நிக்கமாட்டீங்களே?"

"அந்த வார்த்தைக்குத்தான் நான் பேர் வாங்கினவ. உட்காரு, பாரு."

பெண் மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்தாள். முன்பல்லின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. "இது என்னம்மா?"

"நூல் கடிச்ச தடம். எங்க தையல் கூடத்துல முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும்."

"இனிமே நூலைக் கடிக்கக் கூடாதும்மா. பல்லு கத்தரிக்கோல் இல்ல."

"கத்தரிக்கோல் தேடுற நேரத்துல ரெண்டு காலர் முடிச்சுடுவேன் கண்ணு."

அந்த வழக்கு அன்றைக்குத் தீரவில்லை. அப்புறம் ஒரு சின்ன நூல்வெட்டியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். "என்ன, மெடலா? ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சியா?" என்று பக்கத்து மிஷின்காரிகள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பல்லிலும் அதே வெட்டு.

மேற்பார்வை செய்கிற பெரிய டாக்டர் வந்தார். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. கம்பி எடுத்த அளவுகளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கா? வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் டாக்டரய்யா. நாப்பதுல கொட்டிடும். வம்சம்."

"உங்க அப்பா அம்மாவுக்குமா?"

"இல்லையே. எங்க அம்மா சாகுற வருஷம்கூடக் கரும்பு கடிச்சாங்க. இது புருஷன் வீட்டு வம்சம்."

பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "கல்லை எடுத்துடலாம். ஒரே நாள்ல முடியாது, பல தடவை வரணும். அந்த ஒரு பல்லு போகத்தான் போகும், அதைக் காப்பாத்தறேன்னு பொய் சொல்லமாட்டேன். மத்ததை வச்சுக்கலாம், நீங்க தினமும் ஒழுங்காத் தேய்ச்சா" என்றார். சின்னவளைப் பார்த்து, "பிள்ளை பல்லை வாங்கிக்கிறதெல்லாம் கதை. இந்த மாசத்துல தாராளமா சுத்தம் பண்ணலாம், பயப்படாதீங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாட்டேன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். கீழ்வரிசைக் கல்லை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள், வாயில் மருந்து வாடை. திடீரென்று சின்னவள் தொடையில் ஒரு அடி வைத்தாள்.

"ஏண்டி, எனக்கு எப்படி வந்துச்சு?"

"என்னதுக்கா?"

"வம்சம்! நான் எந்த வம்சம்? நான் எங்கேயோ பொறந்தவ. உங்க அண்ணியோட மாமியார் யாரு? அவங்க தூரத்து ஊர்ல இருந்து வந்தவங்க, அவங்களுக்கும் செட்டுதான். ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்டாட்டி? அவளுக்கும் கொட்டுச்சு. படத்துல நிக்குற அண்ணனோட மாமனாரு? அந்த ஆளு பொண்ணு கொடுத்த வீட்டுக்காரரு, இவங்களுக்கு ரத்த சம்பந்தமே கிடையாது, வாரத்துக்கு நாலு நாள் இங்க சாப்பிட்டதோட சரி! அவருக்கும் அதே செட்டு!"

"அப்ப?"

"ரத்தத்துல இல்லடி. பிரஷை விடுன்னு சொன்னாங்க பாரு, அதுல இருக்கு. வந்தவ போனவ எல்லாருக்கும் சட்டம் ஒண்ணுதானே."

இவ்வளவு நல்ல வாதத்தோடு வீட்டுக்குப் போனால், பல் காலை வாரிவிட்டது. கல் போன இடமெல்லாம் சந்து விழுந்தது. தண்ணீர் குடித்தால் சுரீர் என்று மண்டைவரை ஏறியது. முன்னைவிட அதிகமாக ஆடுகிற மாதிரி இருந்தது. பெரியக்காவுக்குக் கேட்கவா வேண்டும்?

"சொன்னேன்ல! கல்லு எடுத்தா பல்லு ஆடும்னு உலகத்துக்கே தெரியும். இருந்ததையும் கெடுத்துக்கிட்டு வந்து நிக்குறா பாரு."

அன்று ராச்சாப்பாட்டில் மாட்டேன் கடலையைத் தொடவில்லை. சின்னவள் அதைப் பார்த்தாள். மாடியில் அவள் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைப் பிடித்துக்கொண்டு, நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்ப்பதையும் பார்த்தாள். மாட்டேன் பயந்து சின்னவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா, ஒருவேளை அண்ணி சொல்றது..."

"போயிடுமோன்னுதான் எனக்கும் இருக்கு" என்றாள் மாட்டேன், திரும்பாமலே. "போனா போகட்டும். நான் காப்பாத்தப் பார்த்துப் போகட்டும். நானே தூக்கிக் கொடுத்துப் போகக்கூடாது."

அடுத்த தடவை போனபோது அந்தப் பெண்ணிடம் சண்டையே போட்டாள். பெண் அழாத குறையாக விளக்கினாள். பல்லைச் சுற்றி எலும்பு கரைந்துபோய், கல்தான் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததாம். இப்போது முட்டு போயிற்று. ஈறு சுருங்கி இறுகக் கொஞ்ச நாள் பிடிக்கும். மெத்தென்ற பிரஷால், ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, ரத்தம் வந்தாலும் விடாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். சந்துக்குள் நுழைகிற குட்டி பிரஷ் ஒன்றும் கொடுத்தாள். "நிறுத்திடாதீங்கம்மா, ப்ளீஸ்."

"உன் பரீட்சைக்குப் பயப்படுறியா, என் பல்லுக்கா?"

பெண் யோசித்தாள். "ரெண்டுக்கும்மா."

"உண்மையச் சொன்னே. சரி, ஆரம்பி."

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். தோல் பையைத் திறந்து கூடத்து மேஜையில் பரப்பினார். குறடு, ஊசி, மாவு குழைக்கிற கிண்ணம். பெரியக்காவின் கொழுந்தன் மகன் ஒரு நாற்காலியில் வேர்வையோடு உட்கார்ந்திருந்தான். சுவர் ஓரமாகச் சொந்தமெல்லாம், எல்லார் வாயிலும் செட்டு. மாமா இருக்கிறாரே.

"வாம்மா. உனக்கு முதல்ல" என்றார் மாமா. அன்பாகத்தான் சொன்னார்.

மாட்டேன் வந்து நின்றாள். வாயைத் திறந்தும் காட்டினாள். மாமா விரலால் அசைத்துப் பார்த்தார். "ஆடுதே. காலேஜ் பசங்க நோண்டி வச்சிருக்காங்க. இது நிக்காது."

"ஆடுறதெல்லாம் விழுந்துடுறதில்ல மாமா. நீங்களும்தான் நடக்கும்போது ஆடுறீங்க, விழுந்தா போயிட்டீங்க?"

"ஏய்!" என்றாள் பெரியக்கா.

"இருங்க அண்ணி, ஒரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு. இது வம்சம்னா எனக்கு எப்படி வந்துச்சு? நான் இந்த வீட்டுல பொறக்கல. அதோ நிக்குறாளே ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்டாட்டி, அவளும் பொறக்கல. அந்தப் படத்துல இருக்கிற அண்ணனோட மாமனாருக்கு எந்த ரத்தத்துல வந்துச்சு? நம்ம வீட்டுச் சாப்பாட்டுலயா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த உறவு முறையெல்லாம் எல்லாருக்கும் தலைகீழாகத் தெரியும். யார் யாருக்கு என்ன முறை என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் பொண்டாட்டி கையை மெல்ல வாய்க்குக் கொண்டுபோனாள். "ஆமா, எங்க அக்காவுக்கு இன்னும் எல்லாப் பல்லும் இருக்கே" என்றாள், தனக்குத்தானே.

நாற்காலியில் இருந்த கொழுந்தன் மகன் எழுந்தான். "மாமா, வண்டியைப் பூட்டாம வந்துட்டேன், ஒரு நிமிஷம்." போனவன் போனவன்தான். அவன் இன்னும் அந்த வண்டியைப் பூட்டி முடிக்கவில்லை.

மாமாவின் முகம் சிறுத்துவிட்டது. "என் கையை இதுவரைக்கும் யாரும் வேண்டாம்னு சொன்னதில்லம்மா."

"தெரியும் மாமா. நான் சொல்றேன். வேண்டாம்."

அவர் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தார். சாப்பிடாமல் போனார். அதுதான் பெரிய குற்றமாகிப்போனது. பெரியக்கா அன்றோடு மாட்டேனிடம் பேச்சை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொன்னாள். "சுவரே, மாடியில இருக்குறவங்களுக்கு இனிமே மாடியிலேயே அடுப்பு." மாட்டேன் மாடியில் அடுப்பு வைத்தாள். சமைத்ததில் பாதி அரைவேக்காடு, சின்னவள் ஓடிவந்து தின்பாள். புருஷன் கீழே ஒரு வேளை, மேலே ஒரு வேளை என்று வாழ்ந்தான். அவளது ஆடிய கீழ்ப்பல்லை மரத்துப்போக ஊசி போட்டு எடுத்த அன்று பெரியக்கா சுவரிடம், "ஒண்ணு போச்சாம். மத்ததெல்லாம் பின்னாலேயே கிளம்பும்" என்றாள். மாட்டேன் அந்த ஓட்டையை மூடிக்கொள்ளவில்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும் வாய் நிறையச் சிரித்தாள்.

மத்தது கிளம்பவில்லை. முதலில் ரத்தம் நின்றது. குழாயடியில் வெறும் வெள்ளை நுரை போவதைச் சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் கூச்சம் குறைந்தது. அப்புறம் நாக்கால் தள்ளினால் பல் அசையவில்லை. புருஷனின் தலையணை இந்தப் பக்கம் திரும்பியது. மாடியிலிருந்து மறுபடியும் கடக் முடக் சத்தம் கேட்டது. கீழே பெரியக்கா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். காலேஜில் அந்தப் பெண் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, மாட்டேன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அழாதே, உனக்கு ஒரு லாரி நிறைய கேஸ் அனுப்புறேன்" என்று இவள் சொன்னாள்.

சின்னவளுக்குப் பிள்ளை பிறந்தது, ஒரு பல்லும் போகவில்லை. அதற்கப்புறம் ஒரு மத்தியானம் பெரியக்கா மாடி ஏறி வந்தாள். சின்னவள் அப்போது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா முகம் வற்றிப்போயிருந்தது. வெறும் வாய், கன்னம் உள்ளே போயிருந்தது.

"செட்டு போட முடியல" என்றாள். சுவரிடம் இல்லை, மாட்டேனிடமே. "கீழ இடது பக்கம் புண்ணு. ஆறவே மாட்டேங்குது. கஞ்சிகூட இறங்கல."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா." கொஞ்சம் நின்றாள். "உன் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போறியா? பின்வாசல் வழியா போயிட்டு வந்துடலாம். மாமாவுக்குத் தெரியக்கூடாது. யாருக்கும் தெரியக்கூடாது."

மாட்டேன் நூல்வெட்டியால் ஒரு நூலை வெட்டினாள். "மாட்டேன்."

பெரியக்காவின் கண் நிறைந்தது. "பழி வாங்குறியா?"

"இல்ல அண்ணி. ஒளிச்சுக் கூட்டிட்டுப் போகமாட்டேன். இத்தனை வருஷம் ஒளிச்சதாலதான் இந்தப் புண்ணு. முன்வாசல்ல வாங்க, எத்தனை தடவை வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"மாமா முகத்துல எப்படி முழிக்கிறது?"

"பல்லில்லாமத்தான்."

பெரியக்கா கீழே போய்விட்டாள். அவ்வளவுதான் என்று சின்னவள் நினைத்தாள். ஆனால் மறுநாள் காலை முன்வாசல் கதவில், வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி பெரியக்கா நின்றாள். மூன்று பேரும் கிளம்பினார்கள், குழந்தையோடு. விதி பாருங்கள், தெருமுனை டீக்கடையில் மாமா உட்கார்ந்திருந்தார்.

பெரியக்கா நின்றாள். மாட்டேன் அவள் முழங்கையை விடவில்லை.

"மாமா" என்றாள் பெரியக்கா. வெறும் ஈறோடு அவர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "காலேஜுக்குப் போறேன். நீங்க செஞ்ச செட்டு குத்துது."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க குத்துது?"

"கீழ. இடது பக்கம்."

"எப்ப இருந்து?"

"நீங்க மாட்டிவிட்ட அன்னைல இருந்து."

அவர் அவள் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். "சொல்லியிருந்தா தேய்ச்சுக் கொடுத்திருப்பேனேம்மா. எல்லாரும் பிறந்த பல்லு மாதிரி இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"உங்ககிட்ட எப்படி மாமா சொல்றது?"

"இவ சொன்னாளே" என்றார் மாமா, மாட்டேனைக் காட்டி. அதில் கோபம் இருந்ததா, வேறெதுவும் இருந்ததா என்று சின்னவளால் பிரிக்க முடியவில்லை. "போயிட்டு வாங்க. பஸ் வந்துடும்."

காலேஜில் பெரிய டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். "பல்லு எடுத்தப்புறம் ஈறு வருஷா வருஷம் சுருங்கும். செட்டு அப்படியே இருக்கும். உரசி உரசிப் புண்ணாயிருக்கு. கொஞ்ச நாள் செட்டே போடாதீங்க. ஆறலைன்னா சும்மா விடக்கூடாது, கட்டாயம் வரணும்" என்றார். ஆறிற்று. அப்புறம் அவள் வாய்க்கென்றே அளவெடுத்து, அவள் முகத்துக்குத் தக்கபடி சின்னப் பல்லாக வேறு செட்டு செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு முதல் நாள் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, வழக்கப்படி சின்னவள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். "இதை எடுத்துட்டுப் போ" என்றாள் பெரியக்கா.

அந்த வருஷத்திலேயே வீட்டில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குடும்ப நம்பர் சீட்டிலேயே காலேஜுக்குப் போய் வந்துவிட்டார்கள், புருஷன்மார் உட்பட. மாமா பையைத் திறப்பதை நிறுத்திக்கொண்டார். மாட்டேனோடு அவர் கடைசிவரை முன்போலப் பேசவில்லை. அவளும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. "கேட்டிருக்கலாமே அக்கா" என்று சின்னவள் ஒருநாள் சொன்னதற்கு, "மரியாதைக்குத்தான் எல்லாரும் மெல்லாம விழுங்கினாங்க. நானும் விழுங்கணுமா?" என்றாள்.

மாடி அடுப்பைக் கீழே இறக்கச் சொல்லிப் பெரியக்கா கூப்பிட்டதற்கும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, மாட்டேன் இப்போது இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் புருஷனோடு இருக்கிறாள். தையல் கூடத்தில் துணி வெட்டுகிற பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள், காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறாள்.